தங்கத் துணிக்கைக்கு சார்ஜ் ஏத்தினா நிறம் ஏன் நகருது, அதுக்கு ஏன் உப்புத்தண்ணி வேணும்

போன மாரி டெங்கு கூடியிருந்த நேரம், என்னட்ட ஏஎல் பௌதிகவியல் படிக்க வாற பிள்ளை ஒண்டு கிளினிக்கில தம்பிக்கு செய்த ரெஸ்ற் கார்டை போனில படம் எடுத்துக்கொண்டு வந்து, அந்த மெல்லிசா தெரிஞ்ச சிவப்புக் கோட்டை விரலால பெருசாக்கிக் காட்டி, "சேர், இந்தக் கோடு தங்கமாம், உண்மையோ? தங்கம் எப்பிடி சேர் சிவப்பா இருக்கும்?" எண்டு கேட்டுது. அண்டைக்கு பாடம் கொள்ளளவியள், அதுதான் சார்ஜைச் சேத்து வைக்கிற சாமான், அந்தப் பாடத்துக்கும் இந்தக் கேள்விக்கும் நேர தொடர்பு இருக்கு எண்டு எனக்கு அந்த இடத்திலயே பிடிபட்டாலும் வடிவா விளங்கப்படுத்த நேரம் காணேல்ல, அதால இப்ப ஆறுதலா எழுதுறன்.

முதல்ல, ஓம், உண்மைதான். உப்பிடியான ரெஸ்ற் கார்டுகள் கனத்திலயும், கொரோனா நேரம் மூக்கில குத்தி எடுத்து செய்தினமே அதிலயும், கோடா தெரியிறது தங்கத்தின்ர நனோதுணிக்கையள். ஒண்டின்ர குறுக்களவு பொதுவா 20 இல இருந்து 40 நனோமீற்றர் வரும், ஒரு நனோமீற்றர் எண்டா மில்லிமீற்றரை பத்து லட்சமா பிரிச்சா அதில ஒரு பங்கு. இந்தத் துணிக்கையள் தண்ணிக்குள்ள மிதக்கேக்க தண்ணி நல்ல மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பா இருக்கும், அதுக்கு தங்கம் கனக்கவும் தேவையில்ல, 100 மில்லிலீற்றர் தண்ணியை நல்லா சிவப்பாக்க 5 மில்லிகிராம் அளவு போதும். ஒரு பவுண் எண்டா 8 கிராம்தானே, அப்ப ஒரு பவுணில 160 லீற்றர் சிவப்புத்தண்ணி செய்யலாம். கல்யாணவீட்டு தாலிக்கொடியில மஞ்சளா மினுங்கிற அதே தங்கம்தான், வேற கலப்பு ஒண்டும் இல்ல.

இதை வடிவா ஆராய்ஞ்சவர் மைக்கல் பரடே, 1857இல, மின்காந்தத் தூண்டலுக்கு நாங்கள் பேர் சொல்லுற அதே பரடே. தங்க உப்பைக் கரைச்சு அதில இருந்து தங்கத்தை நுண்ணிய தூளா பிரிச்செடுத்து, அந்த சிவப்புக்கு காரணம் தங்கத்தின்ர சிறுமைதான் எண்டு சொன்னார். ஏன் அப்பிடி எண்டு கணக்குப் போட்டுக் காட்டினது 1908இல ஜேர்மன்காரர் குஸ்தாவ் மீ.

காரணம் இதுதான். உலோகத்துக்குள்ள ஒவ்வொரு தங்க அணுவும் ஒரு இலத்திரனை பொதுவுக்கு விட்டிருக்கு, அந்த இலத்திரன் எல்லாம் சேந்து துணிக்கை முழுக்க ஒரு முகில் மாதிரி ஓடித்திரியும், அணுக்கள் மட்டும் நேர் ஏற்றத்தோட, அதாவது பிளஸ் சார்ஜோட, இடத்தில நிக்கும். வெளிச்சம் எண்டுறது ஒரு மின்புலம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டு வாறது, அது துணிக்கையில படேக்க முழு முகிலையும் ஒரு பக்கம் தள்ளும், தள்ளினவுடன மற்றப் பக்கத்தில நேர் ஏற்றம் வெறிச்செண்டு வெளியில தெரியும், அது முகிலை திருப்பி இழுக்கும், இழுத்த வேகத்தில மற்றப் பக்கம் போகும். வேப்பமரத்தில கட்டின ஊஞ்சல்தான். ஊஞ்சலுக்கு தனக்கெண்டு ஒரு தாளம் இருக்கெல்லே, அந்தத் தாளத்துக்கு ஏத்த மாதிரி தள்ளினா சின்னப்பிள்ளை தள்ளினாலும் உயர ஆடும், தாளம் பிழைச்சா பெரிய ஆள் தள்ளினாலும் ஆடாது. இந்தப் பரிவுதான் எல்லாத்துக்கும் அடி. 20 நனோமீற்றர் தங்கத்துக்கு தண்ணிக்குள்ள அந்தத் தாளம் 520 நனோமீற்றர் அலைநீளத்துக்கு கிட்ட, அது பச்சை வெளிச்சம். பச்சையை துணிக்கை விழுங்கிப்போடும், மிச்சம் எங்கட கண்ணுக்கு வாறது சிவப்பு. வெள்ளிக்கு அதே தாளம் 400க்கு கிட்ட, நீலத்தின்ர ஓரத்தை விழுங்கும், அதால வெள்ளித்துணிக்கை கலந்த தண்ணி மஞ்சள்.

இப்ப விசயத்துக்கு வாறன். அந்த ஊஞ்சலின்ர தாளத்தை தீர்மானிக்கிறது என்னென்ன? துணிக்கையின்ர உருவம், சுத்தி இருக்கிற பொருள் தண்ணியோ கண்ணாடியோ எண்டுறது, அதோட ஒரு கன நனோமீற்றருக்குள்ள எத்தின இலத்திரன் இருக்கு எண்டுற அடர்த்தி. தங்கத்தில அது 59. இலத்திரன் அடர்த்தி கூடினா திருப்பி இழுக்கிற விசை கூடும், தாளம் வேகமாகும், விழுங்கிற நிறம் நீலப்பக்கம் நகரும், குறைஞ்சா சிவப்புப்பக்கம். மீடிறன், அதாவது ஒரு செக்கனுக்கு எத்தின தரம் ஆடுது எண்டுறது, அடர்த்தியின்ர வர்க்கமூலத்தோட போறதால கணக்கு சுகம்: இலத்திரன் நூற்றுக்கு 1 கூடினா அலைநீளம் நூற்றுக்கு அரை குறையும். 520இல அரை வீதம் எண்டா 2.6 நனோமீற்றர்.

பாக்க சின்னனாத்தான் தெரியும். ஆனா நாங்கள் சின்னனில இருந்து உலோகத்தின்ர நிறம் எண்டா அது அந்த உலோகத்தோட பிறந்த குணம், மாத்தேலாது எண்டுதானே நினைச்சிருக்கிறம், இங்க ஒரு வயரை இணைச்சு இலத்திரனை உள்ளுக்கு விட்டா நிறம் அசையுது, எடுத்தா திரும்பி வருது. எனக்கு இதை முதன்முதல் வாசிக்கேக்க மயிர் கூச்செறிஞ்சது.

ஆனா இந்த இடத்தில கன விளக்கங்கள் அவசரப்பட்டு தாண்டிப் போகுதுகள், சார்ஜ் ஏத்தினா நிறம் மாறும் எண்டு ஒரு வரியில சொல்லிப்போட்டு. எவ்வளவு ஏத்தலாம் எண்டுறதுதான் உண்மையான கேள்வி. ஒரு குளத்துக்கு எவ்வளவு தண்ணி கொள்ளும் எண்டு பாக்காமல் வாய்க்காலைப் பற்றி கதைக்கேலுமோ? 20 நனோமீற்றர் துணிக்கை ஒண்டுக்குள்ள கிட்டத்தட்ட 2.5 லட்சம் இலத்திரன் ஏற்கெனவே இருக்கு. நூற்றுக்கு 1 கூட்ட வேணும் எண்டா 2,500 புது இலத்திரனை உள்ளுக்கு அடைய வேணும். இலத்திரன் ஒண்டை ஒண்டு தள்ளுற சாமான், அடுத்ததை உள்ள விட விடாது. காத்தில தனிய நிக்கிற ஒரு துணிக்கையை எடுங்கோ, புத்தகத்தில இருக்கிற கோளக் கொள்ளளவி சூத்திரத்திலயே போட்டுப் பாருங்கோ, ஆரை 10 நனோமீற்றர் எண்டா ஒரேயொரு இலத்திரன் ஏறினவுடனயே அழுத்தம் 0.144 வோல்ற்று ஏறுது. அப்ப 1 வோல்ற்றுக்கு ஏழே ஏழு இலத்திரன். 2.5 லட்சத்துக்குள்ள ஏழு. நிறம் நகருறது ஒரு நனோமீற்றரில நூறில ஒரு பங்கும் வராது. 2,500 ஏத்த வேணும் எண்டா 360 வோல்ற்று, அவ்வளவு அழுத்தத்தில அந்தச் சின்னத் துணிக்கை இலத்திரனை பிடிச்சு வைச்சிருக்கப் போறதில்ல, தன்பாட்டில வெளியில கக்கிப்போடும்.

இங்கதான் உப்பு வருது. ஏ9இல பரந்தன் தாண்டி ஆனையிறவுக்குள்ள இறங்கேக்க ரெண்டு பக்கமும் பாத்தி கட்டின உப்பளம் தெரியுமெல்லே, அந்தப் பாத்தித் தண்ணிக்குள்ள சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் பிரிஞ்சு தனித்தனிய திரியுது. அப்பிடியான உப்புத்தண்ணிக்குள்ள துணிக்கையை வைச்சு, அதுக்குள்ள ஒரு இலத்திரனை விட்டா, உடன தண்ணிக்குள்ள இருந்து ஒரு சோடியம் அயன் ஓடிவந்து துணிக்கையின்ர தோலோட ஒட்டி நிண்டு அந்த எதிர் ஏற்றத்தை ஈடு செய்துபோடும். அடுத்த இலத்திரனுக்கு இப்ப தள்ளு இல்ல, அதுவும் வரலாம், அதுக்கு இன்னொரு சோடியம் வரும். உள்ளுக்க இலத்திரன், வெளியில அயன், நடுவில ஒரு நனோமீற்றரும் இல்லாத இடைவெளி. ரெண்டு தட்டு கிட்டக் கிட்ட வர கொள்ளளவம் கூடும் எண்டு பாடத்தில படிக்கிறமெல்லே, தட்டுக்கிடையில இடைவெளி அணு அளவுக்கு வந்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. சதுர சென்ரிமீற்றருக்கு 20 இல இருந்து 40 மைக்ரோபரட் வரைக்கும் வரும், துணிக்கையின்ர மேற்பரப்புக்கு அதைக் கணக்குப் பாத்தா 1 வோல்ற்றுக்கு 1,500 இல இருந்து 3,000 இலத்திரன். காத்தில ஏழு, உப்புத்தண்ணியில ஆயிரக்கணக்கு. அதே துணிக்கை, அதே வோல்ற்று.

நிறம் 2, 3 நனோமீற்றர் நகருறதுக்கு அது போதும். துணிக்கை சின்னனாக சின்னனாக இன்னும் நல்லம், ஏன் எண்டா ஏத்திற இடம் தோல்தானே, உடம்போட ஒப்பிடேக்க தோல் கூட. ஆனா ஒரேயடியா 2 நனோமீற்றருக்கு கீழ போனா முகில் எண்டு சொல்ல ஒண்டுமில்ல, அந்த சிவப்பே இருக்காது.

இதோட கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு குழப்பம் இருக்கு. தங்கத் துணிக்கை கலந்த சிவப்புத்தண்ணிக்குள்ள சும்மா ஒரு சிட்டிகை கறியுப்பு போட்டீங்கள் எண்டா, கண்ணுக்கு முன்னாலயே தண்ணி ஊதாவாகி பிறகு நீலமாகும். கன பேர் இதைத்தான் சார்ஜ் மாறினதால நிறம் மாறினது எண்டு நினைக்கினம். இல்ல. அந்தத் துணிக்கையளின்ர மேல சித்திரேற்று அயன் ஒட்டியிருக்கு, அந்த எதிர் ஏற்றத்தாலதான் ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டு தனித்தனிய மிதக்குது, உப்புப் போட்டா அந்தத் தள்ளு மூடுபடுது, துணிக்கையள் ஒண்டோட ஒண்டு ஒட்டி கட்டியாகுது, பக்கத்தில பக்கத்தில இருக்கிற முகிலுகள் சேந்து ஆட வெளிக்கிட தாளம் மந்தமாகுது, அவ்வளவுதான். அது பத்து நூறு நனோமீற்றர் கணக்கில நகருற பெரிய மாற்றம், சிவப்புப்பக்கம் போறது, திருப்பி எடுக்கவும் பெரும்பாலும் ஏலாது. நான் சொல்லுறது உலோகத்துக்குள்ள இருக்கிற இலத்திரனின்ர எண்ணிக்கை மாறுறதை, அது இலத்திரன் ஏத்தினா நீலப்பக்கம் போறது, கொஞ்சமா போறது, திரும்பி வாறது. வெளித்தோல்ல ஒட்டின அயனின்ர ஏற்றம் வேற, உள்ளுக்க ஏறின இலத்திரன் வேற. சோதினையில ரெண்டையும் ஒண்டாக்கி எழுதினா நான் புள்ளி போடமாட்டன்.

அப்ப கட்டியாகாமல் உப்புத்தண்ணிக்குள்ள எப்பிடி வைக்கிறது? கண்ணாடித் தட்டில ஒட்டி வைக்கிறது. அதுவும் சும்மா கண்ணாடி இல்ல, இந்தியமும் வெள்ளீயமும் கலந்த ஒட்சைட்டுப் பூச்சு பூசினது, வெளிச்சமும் விடும் கரண்டும் விடும், உங்கட போன் திரைக்குள்ள இருக்கிற அதே பூச்சு. அந்தத் தட்டே மின்வாய், அதில துணிக்கையள் ஐதா தூவினமாதிரி ஒட்டியிருக்கும், மேல உப்புத்தண்ணி, இன்னொரு மின்வாய், கீழ இருந்து வெளிச்சம், மேல நுணுக்குக்காட்டி. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில பால் மல்வேனியின்ர ஆக்கள் 2009இல இதை ஒற்றைத் தங்கக் கோலில செய்து காட்டிச்சினம். கோல் எண்டா நனோ அளவில ஒரு சின்ன அரிசிமணி மாதிரி நீட்டு உருவம். கறுப்புப் பின்னணியில ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அது ஒரு துணிக்கை, அதின்ர வெளிச்சத்தை நிறமாலையா பிரிச்சு வைச்சுக்கொண்டு வோல்ற்றை எதிர்ப்பக்கம் கொண்டு போக மேடு, அதாவது தாளம் உச்சமாத் தெரியிற இடம், நீலப்பக்கம் நகரும், நேர்ப்பக்கம் கொண்டு வர சிவப்புப்பக்கம் வரும். உருண்டையை விட கோல் ஏன் நல்லம் எண்டா, தங்கத்துக்கு 500 நனோமீற்றருக்கு கிட்ட இருந்து கீழ வேற ஒரு உறிஞ்சல் இருக்கு, ஆழத்தில கட்டுப்பட்டிருக்கிற இலத்திரனுகள் மேல பாயிறது, தாலிக்கொடி மஞ்சளா தெரியிறதும் அதாலதான், உருண்டையின்ர 520 மேடு அதுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கும், கோலின்ர மேடு 600, 700, 800 எண்டு தள்ளி வெட்டவெளியில நிக்கிறதால ஒரு அசைவையும் வடிவா பாக்கலாம்.

வயர் இல்லாமலும் ஏத்தலாம். பேர்லினில ஆர்னிம் ஹெங்லைன் எண்டுறவர் கதிர்வீச்சால தண்ணிக்குள்ள மூலிகங்களை, அதாவது சோடி சேராத இலத்திரனோட நிக்கிற மூலக்கூற்றுத் துண்டுகளை, உண்டாக்கி, அதுகள் தங்கட இலத்திரனை வெள்ளித் துணிக்கைக்குள்ள கொண்டுபோய்ப் போட, மேடு நீலப்பக்கம் நகர்ந்து ஒடுங்கி உயருறதை அளந்தார். இலத்திரனைக் குடுக்கிற இரசாயனமான சோடியம் போரோஐதரைட்டு போட்டாலும் இலத்திரன் ஏறும். ஆனா காத்துப் பட்டா சரி, ஒட்சிசன் வந்து இலத்திரனை பறிச்சுக்கொண்டு போயிடும், நிறம் பழைய இடத்துக்கு வந்திடும். பொருளாதாரத் தடை இருந்த காலம் எங்கட பக்கம் பற்றறி வராது, சைக்கிளைக் கவிட்டுப்போட்டு பெடலை கையால சுத்தி டைனமோவில றேடியோ கேட்டம், செய்தி பாதியில கை உளைஞ்சு நிப்பாட்டினா சத்தமும் நிண்டிடும். அந்த மாதிரித்தான், கசிவு இருக்கிற மட்டும் ஒரு பக்கத்தால ஏத்திக்கொண்டே இருக்க வேணும். வோல்ற்றைப் பிடிச்சு வைச்சிருக்கிற கருவி செய்யிற வேலை அதுதான்.

சரி, வோல்ற்றைக் கூட்டிக்கொண்டே போனா நிறமும் போய்க்கொண்டே இருக்குமோ? இல்ல. இரணைமடுவில மழை கூடினா வான் பாயுமெல்லே, இங்கயும் ஒரு வான் மட்டம் இருக்கு. எதிர்ப்பக்கம் கூடக் கொண்டு போனா இலத்திரன் துணிக்கைக்குள்ள நிக்காமல் தண்ணியில இறங்கி ஐதரசன் குமிழியா கிளம்பும். நேர்ப்பக்கம் கூடக் கொண்டு போனா தங்கத்தின்ர தோல்ல ஒட்சைட்டு படியும், வெள்ளி எண்டா அயனா கரைஞ்சே போயிடும், பிறகு நிறம் மாறுறது இலத்திரனாலயோ தோல் மாறினதாலயோ எண்டு பிரிக்கிறது கஷ்டம். தண்ணிக்குள்ள வேலை செய்யிற இடைவெளி 1 வோல்ற்றுச் சொச்சம்தான். கண்ணால பச்சையா நீலமா மாறுறதைப் பாக்கலாம் எண்டு எதிர்பாத்து வாறவைக்கு இது ஏமாற்றமாத்தான் இருக்கும், தங்கத்தில அது நடக்காது, நிறமாலைமானி இல்லாமல் 2 நனோமீற்றரை ஒருத்தரும் காணமாட்டினம்.

நான் மேல போட்ட அரை வீதக் கணக்கும் முழு உண்மை இல்ல எண்டதையும் சொல்லத்தான் வேணும். அந்தக் கணக்கில புது இலத்திரன் துணிக்கை முழுக்க சமனா பரவியிருக்கு எண்டு எடுக்கிறம், ஆனா உலோகத்தில கூடுதல் ஏற்றம் தோலிலதான் நிக்கும் எண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பரிசோதனையில மேடு நகருறது மட்டும் இல்ல, அகலமும் உயரமும் மாறுது, அது அந்தத் தோலுக்குள்ள இலத்திரன் எப்பிடி மோதுது, வெளியில என்ன அயன் ஒட்டியிருக்கு எண்டுறதுகளையும் சொல்லுது. திசை சரி, அளவின்ர பருமன் சரி, நுணுக்கத்துக்கு அந்தச் சூத்திரம் காணாது.

என்னைக் கேட்டா இதில ஆகவும் வடிவான துண்டு 2014இல வந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில ஹரி அட்வாட்டரின்ர ஆக்கள் கேள்வியை மறுவளமா திருப்பிப்போட்டுச்சினம்: சார்ஜ் ஏத்தினா நிறம் மாறும் எண்டா, நிறத்தை அடிச்சா சார்ஜ் ஏறுமோ? ஏறுது. தங்கத் துணிக்கையள் இருக்கிற தட்டில, துணிக்கையின்ர தாளத்தை விட கொஞ்சம் நீலமான ஒற்றை நிற வெளிச்சத்தை அடிச்சா, துணிக்கை தட்டில இருந்து இலத்திரனை தன்பாட்டில இழுத்து எதிர் ஏற்றம் ஆகுது, ஏன் எண்டா இலத்திரன் கூடினா அதின்ர தாளம் அந்த வெளிச்சத்துக்கு கிட்டப் போகும், இன்னும் கூட வெளிச்சத்தைக் குடிக்கலாம். சிவப்பான வெளிச்சம் அடிச்சா மறுவளம், இலத்திரனை வெளியில விட்டு நேர் ஏற்றம் ஆகுது. 100 மில்லிவோல்ற்று வரைக்கும் அளந்திருக்கினம், அடிச்ச வெளிச்சத்தின்ர வலு சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற், எங்கட பங்குனி மத்தியான வெய்யில் கிட்டத்தட்ட அந்தளவு வரும், ஆனா வெய்யில் எல்லா நிறமும் கலந்தது, இது ஒற்றை நிறம். குறைகடத்தி இல்லாமல், வெறும் உலோகத்தில.

என்ன பயன் எண்டு பிள்ளையள் கேக்குங்கள், கேக்கத்தான் வேணும். ஒண்டு, இலத்திரனை எண்ணுற தராசு இது. மல்வேனியின்ர ஆக்கள் 2008இல ஒற்றைத் தங்கப் பளிங்கின்ர மேல விற்றமின் சி, அதுதான் நெல்லிக்காயில இருக்கிற அஸ்கோபிக் அமிலம், ஒட்சியேற்றப்படேக்க, அதாவது தன்ர இலத்திரனை இழக்கேக்க, அந்தப் பளிங்குக்குள்ள இலத்திரன் ஏறி இறங்கிறதை நிறத்தை வைச்சே பாத்திச்சினம், ஊக்கியின்ர, அதாவது தாக்கத்தை வேகமாக்கிற பொருளின்ர, மேல நடக்கிற தாக்கத்தை வயர் தொடாமல் பாக்கிற வழி.

மற்றது எங்களுக்கு கிட்ட வாற விசயம். தங்கத்தில நகர்வு சின்னனா இருக்கிறதுக்கு காரணம் உள்ளுக்க ஏற்கெனவே எக்கச்சக்கம் இலத்திரன் இருக்கிறது, நிரம்பின குளத்துக்குள்ள ஒரு வாளி ஊத்தின மாதிரி. அப்ப இலத்திரன் குறைஞ்ச பொருளை எடுத்தா? முன்னம் சொன்ன அந்தப் போன் திரை ஒட்சைட்டையே நனோதுணிக்கையா செய்தா, அதுக்குள்ள சுயாதீன இலத்திரன் தங்கத்தை விட நூறு மடங்களவு குறைவு, தாளம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் பக்கம், வெக்கை வாற பக்கம். அங்க 1, 2 வோல்ற்று குடுத்தா நகர்வு ஒரு வீதம் ரெண்டு வீதம் இல்ல, மேடு இருந்த இடத்தை விட்டே போகும். அமெரிக்காவில லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில 2011இல டீலியா மில்லிரனின்ர ஆக்கள் அதைக் காட்டினவை: கண்ணாடி கண்ணுக்கு தெளிவாவே இருக்கும், வெளிச்சம் வரும், ஆனா சுவிச்சைப் போட்டா வெய்யிலின்ர வெக்கைப் பங்கை மறிக்கும், எடுத்தா விடும்.

பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லேக்க ரியூசன் கொட்டில்ல மேல தகரம், மத்தியானம் ரெண்டு மணி, எல்லாரும் கொப்பியால விசிறிக்கொண்டு இருந்தவை. "அப்ப சேர், துணிக்கையின்ர ஆரையைப் பாதியாக்கினா ஒரு வோல்ற்றுக்கு நகர்வு எத்தின மடங்கு?" எண்டு திருப்பிக் கேட்டுது. ரெண்டு மடங்கு. தோல் ஆரையின்ர வர்க்கத்தோட போகுது, உடம்பு கனத்தோட போகுது, அதைத் தானே பலகையில செய்து காட்டிப்போட்டுத்தான் இருந்தது.